மணிக்கட்டு வழி ஆஞ்சியோவுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு ரத்தம் நிக்க எவ்வளவு இறுக்கோணும்?

தாராபுரத்துப் பையன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கய்யனுக்கு வயசு 79. சர்க்கரை, பிரசர் ரெண்டும் ரொம்ப வருசமா இருக்குது. போன வாரம் நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னார்னு கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வலது மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பார்த்து, அப்பவே ஒரு ஸ்டென்ட்டும் வெச்சுட்டாங்க. இன்னொரு குழாய்ல அடைப்பு இருக்குது, அதை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னுட்டாங்க.

நெஞ்சு விசயம் நல்லபடியா முடிஞ்சுது. கைதான் பாடாப் படுத்துது. காத்தடிக்கிற பட்டை ஒண்ணு மணிக்கட்டுல கட்டியிருந்தாங்க. பொழுதோட அதுல காத்தை எறக்குறப்ப ரத்தம் சொட்ட ஆரம்பிச்சிருச்சு. மறுக்காக் காத்தை ஏத்தி, ராத்திரி வெகுநேரம் வெச்சிருந்து எடுத்தாங்க. இப்ப வீட்டுக்கு வந்தாச்சு. மணிக்கட்டுல இருந்து முழங்கைக்குக் கிட்ட வரைக்கும் நீலம் பாரிச்சுக் கிடக்குது.

பார்க்க வர்ற ஒறம்பரை ஒவ்வொருத்தரும் ஒரு தீர்ப்பு சொல்றாங்க. "மொதல்லயே இறுக்கிக் கட்டியிருந்தா இப்படி ஆயிருக்காது"ங்கிறார் சித்தப்பா. "இந்த வயசுல கையில எதுக்குப் போனாங்க, தொடையில போயிருக்கோணும்"ங்கிறாங்க அத்தை. எது சரிங்க? இந்த நீலத்துக்குப் பயப்படோணுமா? அடுத்த மாசம் எந்தக் கையைக் குடுக்கறது?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

சித்தப்பா சொல்றதுதான் சரி. எனக்கும் கை வழியாத்தான் பார்த்தாங்க. பஞ்சை வெச்சு மேல பிளாஸ்டர் சுத்துனாங்க பாருங்க, விரலெல்லாம் மரத்துப் போச்சு. விடிய விடிய அவுக்கல. ஒரு சொட்டு ரத்தம் வரலைங்க. இப்ப அந்த மணிக்கட்டுல நாடி புடிச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஆனா மண்டியில மூட்டையைப் புரட்டறேன், ஒரு குறையும் இல்ல. ரத்தக்குழாயில ஓட்டை போட்டா இறுக்கித்தான் ஆகோணும். இதுல என்ன ரோசனை?

கறவைமாடு

எங்க அம்மாயி இருந்திருந்தா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போட்டு ஒரே நாள்ல நீலத்தை எறக்கியிருப்பாங்க. மண்டிக்காரரே இங்க இருக்கறாரு, அரைக் கிலோ அனுப்பிவிடச் சொல்லுங்க.

கேத்லேப் அக்கா (கோவை)

பத்தெல்லாம் வேண்டாமுங்க, சாமி. உள்ள போய்ட்டு வந்த ஓட்டை இன்னும் முழுசா மூடியிருக்காது. 79 வயசுத் தோல் காகிதம் கணக்கா இருக்கும், சுண்ணாம்பு பட்டா வெந்துரும்.

தம்பி, மொதல்ல உங்க பயத்துக்குப் பதில். நீலம் பாரிக்கறது வேற, ரத்தம் கட்டி வீங்கறது வேற. கையைத் தொட்டுப் பாருங்க. மெத்துன்னு இருக்குதா, விரல் சூடா இருக்குதா, ஒவ்வொரு விரலையும் நீட்டி மடக்க முடியுதா? அப்படின்னா அது தோலுக்கு அடியில கசிஞ்ச ரத்தம் பரவுன நிறம். நாளாக நாளாகப் பச்சையாகி, மஞ்சளாகி, ரெண்டு மூணு வாரத்துல மறையும். வயசானவங்களுக்குத் தோலுக்கு அடியில இருக்கற திசு தளந்து போயிருக்கறதால கொஞ்சம் ரத்தம் கசிஞ்சாலும் வெகுதூரம் பரவும், பார்க்கறதுக்குப் பயங்கரமாத் தெரியும். ஆனா கை கல்லு மாதிரி விறைச்சுக்கிட்டே போனா, விரலை நீட்டிவிட்டா உசுரு போற மாதிரி வலிச்சா, மரத்து, வெளுத்து, சில்லுன்னு ஆனா ஒரு நிமிசம் வீட்டுல இருக்காதீங்க. முன்கைக்குள்ள ரத்தம் தேங்கித் தசையை நெரிக்குதுன்னு அர்த்தம். அபூர்வம்தான், ஆனா வந்துட்டா மணிக்கணக்கு முக்கியம்.

இப்ப இறுக்கற விசயம். இதுலதான் முக்காவாசிப் பேரு தப்பா நெனைக்கறாங்க.

மணிக்கட்டு நாடியோட உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர். பொம்பளைங்களுக்கு இன்னும் சின்னது. நாங்க உள்ள விடற 6 பிரெஞ்ச் (குழாய் அளவுக்கு ஒரு கணக்கு) குழாயோட வெளிவிட்டம் சுமாரா 2.5 மில்லிமீட்டர். குழாய் அடைச்சுக்கிட்டுத்தான் போகுது, உள்சுவரு உரசிப் புண்ணாகுது. அதை உருவுனதுக்கு அப்புறம் மேல இருந்து நெரிச்சு ஓட்டத்தையே நிறுத்திட்டா, ஓடாத வாய்க்கால்ல பாசி புடிக்கற மாதிரி நின்ன ரத்தம் அங்கேயே உறைஞ்சு நாடி அடைச்சுப் போகும். அதனால கேத்லேப்ல (ஆஞ்சியோ பண்ற அறை) எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது: வெளிய ரத்தம் வரக்கூடாது, உள்ள ஓட்டமும் நிக்கக்கூடாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு கொறைச்சலா அழுத்த முடியுமோ அவ்வளவுதான் அழுத்தோணும்.

செய்யற விதம் இப்படி. பட்டையை மாட்டி, அதுக்குன்னே இருக்கற சிரிஞ்சுல 13 மில்லி போலக் காத்து ஏத்துவோம், எக்காரணத்துக்கும் 18ஐத் தாண்டாது. குழாயை உருவுவோம். அப்புறம் காத்தைக் கொஞ்சங்கொஞ்சமா எறக்குவோம். ஓட்டையில ரத்தம் எட்டிப் பார்க்கும். உடனே 1 அல்லது 2 மில்லி மட்டும் திரும்ப ஏத்துவோம். அங்க நிறுத்திக்கணும். உள்ள ஓடுதான்னு எப்படித் தெரியும்? அந்தக் கைக் கட்டைவிரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து நாடியை விரலால அமுக்கிப் புடிப்போம். அப்பவும் திரையில அலை வந்தா இந்தப் பக்கத்து நாடி ஓடுதுன்னு அர்த்தம். அலை படுத்துருச்சுன்னா இன்னும் ஒரு சொட்டுக் காத்து எறக்கிப் பார்ப்போம். பட்டை ஏன் கண்ணாடி மாதிரி இருக்குதுன்னா ஓட்டையைக் கண்ணால பார்த்துக்கிட்டே இதைச் செய்யறதுக்குத்தான்.

ரெண்டு மணி நேரம் போல அப்படியே விட்டு, அப்புறம் கால் மணிக்கு ஒருக்கா 2, 3 மில்லியா எறக்குவோம். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு இன்னும் நிதானமா. உங்கய்யனுக்கு எறக்குறப்ப சொட்டுனதும் மறுபடி ஏத்துனாங்கன்னீங்க, அது முறையா நடக்கறதுதான்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவரு படுக்கையில இருந்து எப்படி எந்திரிச்சார்?

தாராபுரத்துப் பையன்

அக்கா, கை மெத்துன்னுதான் இருக்குது, விரல் எல்லாம் நல்லா மடக்கறார். பெரிய பாரம் எறங்குனாப்புல இருக்குதுங்க.

எந்திரிச்சது... நீங்க கேட்டதுக்கப்புறம்தான் அம்மாகிட்ட விசாரிச்சேன். சலைன் ஏத்துனதுல அடிக்கடி ஒண்ணுக்கு வந்திருக்குது. அம்மா நர்சைக் கூப்பிடப் போன நேரத்துல அந்த வலது கையைக் கட்டில்ல ஊனி அவராவே எந்திரிச்சு நின்னுட்டாராம். அதுக்கு அப்புறம்தான் சொட்டுனது.

கேத்லேப் அக்கா (கோவை)

நெனைச்சேன். சின்ன வயசுக்காரங்க வயித்தை எக்கி எந்திரிச்சுருவாங்க. பெரியவங்க உள்ளங்கையை ஊனித்தான் எந்திரிப்பாங்க, முழு எடையும் மணிக்கட்டுல எறங்கும். பட்டை எவ்வளவு சரியாக் கட்டியிருந்தாலும் நகந்துரும். அதனால எங்க வார்டுல 70 தாண்டுனவங்க வந்தா மொதல் வேலை, கட்டில் தலைமாட்டை ஒசத்தி வெக்கறது, சிறுநீர் குடுவையை இன்னொரு கைக்கு எட்டற மாதிரி அந்தப்பக்கம் வெக்கறது, கையை ஒரு பலகையில தலகாணி மேல நீட்டி வெக்கறது. ராத்திரியில சில பெரியவங்களுக்கு இடம் புரியாமத் தடுமாறும். இது என்ன கையில கட்டியிருக்குதுன்னு பட்டையைப் பிச்சு எறிஞ்சவங்களும் உண்டு. கூட இருக்கறவங்க தூங்காமப் பார்த்துக்கறது பட்டையை விடப் பெரிய வைத்தியம். இதை எந்தக் கையேட்டுலயும் பெருசாப் போடறதில்ல.

பட்டைக்குப் பதிலா பிளாஸ்டர் சுத்துற இடங்களும் இருக்குது, செலவு கம்மி. தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது, எறக்கவும் ஏத்தவும் முடியாது. பெரியவங்களுக்கு உரிக்கறப்பத் தோலும் சேந்து வந்துரும். நாடிப் புண்ணை விடத் தோல் புண்ணு ஆற நாளான ஆளுகளைப் பார்த்திருக்கறேன்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

அப்ப எனக்கு நாடி அடைச்சுப் போச்சுன்னு சொல்றீங்களா? அடைச்சா கை அழுகிப் போகோணுமே? நான் நல்லாத்தானே இருக்கறேன். சும்மா பயமுறுத்தாதீங்க அம்மிணி.

நாடிப் பரிசோதகன்

இதய மருத்துவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். மஞ்சள்மண்டி ஐயா, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரிப்பது நாடி அடைபட்ட கையைப் போலத்தான் இருக்கிறது. கை அழுகாததற்குக் காரணம், உள்ளங்கைக்கு இரண்டு நாடிகள் ரத்தம் தருகின்றன. உள்ளே அவை வளைவாக இணைந்திருக்கின்றன. ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலோருக்கு அடைபட்டதே தெரிவதில்லை.

நட்டம் பிறகுதான் தெரியும். அந்தக் கை வழியாக மறுபடி ஸ்டென்ட் வைக்க முடியாது. பைபாஸ் வந்தால் அந்த நாடியை எடுத்துப் பயன்படுத்த முடியாது. தாராபுரத்துத் தம்பியின் தந்தைக்கு அடுத்த மாதமே இரண்டாவது சிகிச்சை இருக்கிறது. அவருக்கு அந்த நாடி ஓடுவது, மணிக்கட்டில் கொஞ்சம் நீலம் படாமல் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு முக்கியம்.

இது வெறும் கருத்து அல்ல. 2008இல் வெளியான புரொஃபெட் ஆய்வில் 436 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். வழக்கம்போல் அழுத்திக் கட்டிய பிரிவில் 24 மணி நேரத்தில் 12 சதவீதம் பேருக்கு நாடி அடைத்தது. அக்கா சொன்ன முறையில், ஓட்டம் இருக்கிறதா என்று சோதித்துக் கட்டிய பிரிவில் 5 சதவீதம். ஒரு மாதம் கழித்து 7 சதவீதத்துக்கு எதிராக 1.8. கவனிக்க வேண்டியது, இறுக்கம் குறைத்ததால் ரத்தக்கசிவு கூடவில்லை.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியும் இதில் சேர்ந்தது. 1996இல் பிரான்சில் வந்த ஆய்வில், ஹெப்பாரின் போடாதவர்களில் 71 சதவீதம் பேருக்கு நாடி அடைத்தது. 5000 யூனிட் போட்டவர்களில் 4.3 சதவீதம்தான். வயதானவர், ரத்தம் கசியும் என்று பயந்து ஹெப்பாரினைக் குறைத்துவிட்டு மேலே இறுக்கிக் கட்டுவது என்பது இரண்டு பக்கமும் தோற்பது.

அன்றைக்கே அடைப்பைக் கண்டுபிடித்தால், சுண்டுவிரல் பக்கத்து நாடியை ஒரு மணி நேரம் அழுத்தி வைப்பதாலேயே பலருக்கு இந்தப் பக்கம் திறந்துகொள்கிறது. ஆண்டுகள் கடந்த பிறகு அது நடக்காது, ஐயா. நீங்கள் மூட்டை புரட்டுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கையில் நாடி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

சரிங்க டாக்டர். இத்தனை வருசத்துல ஒருத்தரும் இப்படிச் சொல்லல.

பவானிக்கரை

எல்லாம் சரி, அத்தை கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லலியே. எங்க மாமனாருக்கு 82. தொடையிலதான் போட்டாங்க. மண்மூட்டையை வெச்சு அசையாமப் படுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான், கையில ஒரு தொந்தரவும் இல்ல. வயசானவங்களுக்கு ரத்தக்குழாய் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும், கை வழியாப் போறது சிரமம்னு அந்த டாக்டரே சொன்னாரு.

நாடிப் பரிசோதகன்

அவர் சொன்னதில் உண்மை உண்டு. வயதாக ஆகத் தோள்பக்க நாடி சுருண்டுகொள்கிறது. சிலருக்குக் கை வழியாகத் தொடங்கிவிட்டுப் பாதியில் தொடைக்கு மாற வேண்டியும் வரும். வலதைவிட இடது கையில் இந்த வளைவு குறைவு என்பதால் முதியவர்களுக்கு இடது மணிக்கட்டை விரும்புவோர் உண்டு.

ஆனால் ரத்தக்கசிவு என்று வந்தால் தொடையோடு ஒப்பிடவே முடியாது. மணிக்கட்டில் தோலுக்கு அடியில் நாடி, அதற்கு அடியில் எலும்பு. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் நிறுத்திவிடலாம். தொடையில் மேலே காய்ந்து கிடக்கும், உள்ளே வயிற்றுக்குப் பின்புறம் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும். ரத்த அழுத்தம் சரியும்போதுதான் தெரியவரும். 2011இல் 7021 பேரை வைத்து நடந்த ரைவல் ஆய்வில், குழாய் செருகிய இடத்தில் பெரிய சிக்கல் கை வழியில் 1.4 சதவீதம், தொடை வழியில் 3.7. எலும்பும் தோலுமான, ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற 80 வயதுக்காரருக்கு அந்த வித்தியாசம் இன்னும் கனம். அதோடு, முதுகுவலிக்காரரை ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்கவைப்பது எவ்வளவு பாடு என்று உங்கள் மாமனாரைக் கேட்டுப் பாருங்கள்.

கனடாவில் காம்போ என்பவர் மணிக்கட்டு வழி ஆஞ்சியோவை 1989இல் எழுதினார். 1990களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் கீமெனே அதே வழியில் ஸ்டென்ட் வைத்துக் காட்டினார். இன்றைக்குப் பழகிய கைகளுக்கு இதுதான் முதல் வழி. தம்பி, அடுத்த மாதம் இடது கையைக் கேட்டுப் பாருங்கள்.

டயாலிசிஸ் திருப்பூர்

டாக்டர், ஒரு நிமிசம். இடது கைன்னு சொல்றதுக்கு முன்னால கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்தப் பரிசோதனை) எவ்வளவுன்னு கேட்டீங்களா? 79 வயசு, ரொம்ப வருசச் சர்க்கரை, பிரசர். நாளைக்கு டயாலிசிஸ்னு வந்தா ஃபிஸ்டுலா (ரத்தம் எடுக்கறதுக்காக நாடியையும் சிரையையும் இணைக்கறது) போட இடது முன்கைதான் மொதல் இடம். அந்த நாடியை ஆஞ்சியோவுல அடைச்சுட்டு எங்ககிட்ட வர்றவங்களைப் பார்க்கறோம். இதயத்துக்காரங்க இதயத்தைப் பார்க்கறீங்க, கிட்னிக்காரங்க கிட்னியைப் பார்க்கறாங்க. நோயாளிக்கு இருக்கறது ரெண்டே கைங்க.

தாராபுரத்துப் பையன்

டிஸ்சார்ஜ் தாள்ல 2.4னு போட்டிருக்குதுங்க.

நாடிப் பரிசோதகன்

திருப்பூர்க்காரர் சரியான இடத்தில் பிடித்தார், நன்றி. 79 வயதில் 2.4 என்றால் சிறுநீரக வடிதிறன் 30க்குக் கீழே. சிறுநீரக நோயில் நான்காம் நிலை. இடது கை என்று சொன்ன யோசனையை எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் இடது முன்கையில் ஊசிகூடப் போடாமல் காப்பாற்ற வேண்டும்.

வலது நாடி ஓடினால் அதே வலது கையைத் திரும்பப் பயன்படுத்தலாமா, அல்லது ஸ்கேன் பார்த்துக்கொண்டே தொடை வழி போவதா என்பதை உங்கள் இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். கட்டைவிரல் அடியிலுள்ள குழியில் நாடியைப் பிடித்துப் போகும் முறையும் இப்போது பரவிவருகிறது. அங்கே ரத்தம் சீக்கிரம் நிற்கிறது. ஆனால் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும். எதுவானாலும் போவதற்கு முன் வலது மணிக்கட்டுக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சியோவுக்குச் சாயம் ஏற்றுவது சிறுநீரகத்துக்கும் சுமை என்பதால், இரண்டாவது அடைப்பு எவ்வளவு அவசரம் என்பதையும் அதே சந்திப்பில் கேளுங்கள்.

கறவைமாடு

விளையாட்டை விட்டுட்டுக் கேக்கறேன். எங்கம்மா அசிட்ரோம் (ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை) சாப்பிடறாங்க, இதயத்துல வால்வு வெச்சவங்க. அவங்களுக்கும் ஆஞ்சியோ சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் ராத்திரியில திடீர்னு ரத்தம் வந்தா என்ன பண்றது? தோட்டத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கா மணி நேரம் ஆகும்.

கேத்லேப் அக்கா (கோவை)

உக்கார வைங்க, இல்லைன்னா படுக்க வைங்க. கட்டை அவுத்து அவுத்துப் பார்க்காதீங்க. சுத்தமான துணியை மடிச்சு வெச்சு, வேறொருத்தர் ரெண்டு மூணு விரலால ஓட்டை மேலயும், அதுக்குக் கொஞ்சம் முழங்கைப் பக்கமாவும் சேத்து அமுக்கிப் புடிக்கோணும். ஏன்னா தோல்ல இருக்கற ஓட்டையும் நாடியில இருக்கற ஓட்டையும் ஒரே நேர்ல இருக்காது, ஊசி சாய்வாப் போறதால நாடி ஓட்டை கொஞ்சம் மேல தள்ளி இருக்கும். பத்து நிமிசம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுப் புடிங்க. நடுவுல எடுத்துப் பார்த்தா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். பீச்சி அடிச்சாலோ, பத்து நிமிசத்துல நிக்கலைன்னாலோ, அமுக்குன கையை எடுக்காம 108ஐக் கூப்பிடுங்க. முழங்கைக்கு மேல துண்டை முறுக்கிக் கட்டறது, கயிறு கட்டறது எல்லாம் வேண்டாம். அசிட்ரோம்காரங்க போறதுக்கு முன்னாடியே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற அளவு) எவ்வளவுல இருக்கோணும், மாத்திரையை நிறுத்தறதா வேண்டாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டு எழுதி வாங்கிக்குங்க. வால்வு வெச்சவங்க தானா நிறுத்தவே கூடாது.

தாராபுரத்துத் தம்பிக்கும் இது சேரும். நீலத்தைப் பார்த்துட்டு ஒறம்பரை யாராச்சும் "அந்த ரத்தம் எளக்கற மாத்திரையை ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க"ம்பாங்க. நிறுத்துனா புது ஸ்டென்ட் அடைச்சுக்கும். கை நீலம் தானாப் போகும், அது போகாது.

தாராபுரத்துப் பையன்

சித்தப்பா ஏற்கெனவே சொல்லிட்டாருங்க அக்கா, நிறுத்தச் சொல்லி. அம்மாகிட்ட மாத்திரை டப்பாவைப் பூட்டி வெக்கச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை கிட்னி டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியாச்சு. இந்த இழையையே அச்செடுத்துக்கிட்டுப் போறேன்.

கடைசியா ஒண்ணு. அய்யன் நாளைக்கே டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கிட்டுச் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறேன்னு நிக்கறார். என்ன சொல்லட்டும்?

கேத்லேப் அக்கா (கோவை)

ஆக்சிலேட்டர் முறுக்கறது, முன் பிரேக் புடிக்கறது ரெண்டும் அந்த வலது மணிக்கட்டுலதான். இந்த நீலம் இருக்கறப்ப ஒரு வாரத்துக்கு வண்டியும் வேண்டாம், பால் கேனும் வேண்டாம், மாட்டுக் கயித்தைப் புடிச்சு இழுக்கறதும் வேண்டாம். சாவியை நீங்க எடுத்து வெச்சுக்குங்க.